வேர் இல்லாத இடத்தில்

வண்டல்புலத்துக்குள் கடல் ஒரே ஒரு நாள்தான் வந்தது. புயல் தள்ளிக்கொண்டு வந்த தண்ணீர் நான்காம் நாள் வடிந்துவிட்டது. அது விட்டுப்போன உப்பு வடியவில்லை. அறுநூறு ஏக்கர் நெல்வயல் ஆறு வருடம் வெளுத்துக் கிடந்தது. மழை பெய்தால் உப்பு கொஞ்சம் கரையும்; வெயில் அடித்தால் மறுபடி மேலே பூக்கும். நிலம் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் திருப்பூருக்குப் போனார்கள். மீதிப் பேர் கிழக்கே மூன்று கிலோமீட்டரில் இருந்த கிழக்குத்தாழ்வு உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போனார்கள்.

ஏழாவது வருடம் டாக்டர் பூங்கோதை வந்தாள். தாராபுரத்துக்காரி, வயது நாற்பத்தொன்று, மண் நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர். பதினான்கு வருடம் ஒரே ஒரு பாக்டீரியாவோடு மல்லுக்கட்டி, அதன் மரபணுவைத் திருத்தி, கடைசியில் அதைச் சாம்பல் நிறப் பொடியாக்கிப் பைகளில் கொண்டுவந்திருந்தாள். விதை நெல்லோடு கலந்து விதைத்தால் போதும். பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் வேதையன், அறுபதை நெருங்கியவர், பொடியை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்த்துவிட்டு இது என்ன செய்யும் என்று கேட்டார்.

"செடி தான் செய்யற சர்க்கரையில ஒரு பங்கை வேர் வழியா மண்ணுல விடுதுங்க," என்றாள் பூங்கோதை. "வீணா விடல. அதைத் தின்ன வர்ற பாக்டீரியாவுக்காக விடுது. அதுங்களும் சும்மா தின்னுட்டுப் போறதில்ல. சிலது தழைச்சத்து பிடிச்சுக் குடுக்குது, சிலது வேரை நீளமா ஓட வைக்குது. இது, வேரைச் சுத்திப் பசை மாதிரி ஒண்ணைப் பூசும். அந்தப் பசை உப்பைப் பிடிச்சு வெளியவே நிறுத்திடும். தண்ணி மட்டும் உள்ள போகும்."

"அப்ப உப்பு மண்ணுலயேதான் கெடக்கும்?"

"கெடக்கும். பயிருக்கு அது தெரியாது."

வேதையன் சிரித்தார். பிறகு, இது வயலை விட்டு வெளியே போனால் என்ன ஆகும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் பூங்கோதை காத்திருந்தாள்.

"வேர் இல்லாத இடத்துல இது மூணு நாள் தாங்காது. வேர் குடுக்கற அந்தச் சர்க்கரை மட்டும்தான் இதுக்குச் சோறு. அப்படித்தான் இதைச் செஞ்சிருக்கேன்."

அவள் பொய் சொல்லவில்லை. நாற்பது வகை மண்ணில் சோதித்துப் பார்த்திருந்தாள்.

முதல் வருடம் இருபது ஏக்கர். வெளுத்த நிலத்தில் நெல் பச்சைப் பசேலென்று நின்றதைப் பார்க்க வேதாரண்யத்திலிருந்தெல்லாம் வண்டி பிடித்து வந்தார்கள். இரண்டாம் வருடம் அறுநூறு ஏக்கரும். ஊர்க்காரர்கள் அதற்குப் பசை மருந்து என்று பெயர் வைத்தார்கள். சம்பா அறுத்த கையோடு, வடக்குக் கால்வாயின் உவர்நீரையே பாய்ச்சிக் கோடைப் போகமும் போட்டார்கள். திருப்பூர் போனவர்கள் திரும்பி வந்தார்கள். பூங்கோதையின் ஆராய்ச்சி நிலையம் அவளைத் திட்டத்தின் தலைவி ஆக்கியது. வயல் நடுவே இரண்டு அறைக் கட்டடம் ஒன்றை ஆய்வுக்கூடமாக்கி அவள் அங்கேயே தங்கினாள்.

ஏப்ரல் மாதம் ஒரு காலையில் அந்தக் கட்டடத்துக்கு ஒரு பெண்மணி பிளாஸ்டிக் வாளியோடு வந்தார். அமிர்தவல்லி, கிழக்குத்தாழ்வு உப்பளப் பெண்கள் சங்கத்தின் தலைவி. முப்பது வருடம் உப்பு வாரியதில் பாதம் வெடித்து, கண்ணோரம் சுருங்கிப் போயிருந்தது. வாளியில் இளஞ்சிவப்பாக உப்பளத் தண்ணீர் இருந்தது. அவர் அதில் கையை விட்டு எடுத்தார். விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டவில்லை. நூல் நூலாக இறங்கியது.

"உப்பு புடிக்க மாட்டேங்குதுங்க," என்றார். "பலகையப் போட்டு இழுத்தா கஞ்சி மாதிரி வருது. ஒரு மாசமாச்சு. முந்நூத்திப் பன்னெண்டு பேரு சும்மா உக்காந்திருக்கோம்."

வெயில் கூடினால் உப்பளத்துப் பாசி இப்படிச் செய்வதுண்டு என்று பூங்கோதை விளக்கினாள். பசை மருந்தாக இருக்க முடியாது, உப்பளத்தில் வேரே கிடையாதே என்றாள். அமிர்தவல்லி வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

தன்னுடையது இல்லை என்று நிரூபிக்கத்தான் பூங்கோதை அந்தத் தண்ணீரைச் சோதித்தாள். அது அவளுடையதாகவே இருந்தது. முதல் முடிவை நம்பாமல் நான்கு முறை செய்து பார்த்தாள். நான்காம் முறைக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, எப்படி என்று யோசித்தாள். விடை அந்த இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தது. உப்பளத்துத் தண்ணீருக்கு நிறம் தருவது ஒரு சிவப்புப் பாசி. அவ்வளவு உப்பில் உயிர் பிழைக்க அது தன் உடம்பில் கிளிசரினைச் சேர்த்து வைக்கிறது. அதில் கொஞ்சம் வெளியே கசிகிறது. அவளுடைய பாக்டீரியா அந்தக் கிளிசரினைத் தின்னக் கற்றுக்கொண்டுவிட்டது. மரபணுவில் இரண்டே எழுத்து மாறியிருந்தது. வேர் இருந்த இடத்தில் பாசி. மற்றபடி அதே வாழ்க்கை. அங்கேயும் அது பசை செய்தது. பசை உப்பைப் பிடித்து வைத்தது. பிடித்து வைத்த உப்பு படிகமாகவில்லை.

நிலையத்தின் இயக்குநர் ரங்கபாஷ்யம் போனில் பொறுமையாகக் கேட்டார். இதை எழுத்தில் கொடுக்க வேண்டாம் என்றார். அக்டோபர் மழையில் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். அதற்குள் அவசரப்பட்டுத் திட்டத்தைக் கெடுத்துவிடக் கூடாது. ஒன்பது மாவட்டங்கள் இந்த மருந்துக்காகக் காத்திருக்கின்றன. அவர் சொன்னதில் கடைசி விஷயம் உண்மைதான்.

பூங்கோதை மறுநாள் கிழக்குத்தாழ்வுக்குப் போனாள். உப்புப் பாத்திகள் கண்ணாடிபோல் நின்றன, ஒரு வெள்ளைப் பொட்டுகூட இல்லாமல். அமிர்தவல்லியின் வீட்டில் எட்டு மாதக் குழந்தை ஒன்று கோணிச் சாக்கின் மேல் உட்கார்ந்து தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. அதன் அம்மா, அமிர்தவல்லியின் மருமகள், போன வாரம்தான் திருப்பூர் பஸ் ஏறியிருந்தாள். பால் மறக்கடிக்கக் குழந்தைக்கு நாலு நாள் ஆயிற்று என்று அமிர்தவல்லி சொன்னார். அந்தத் தெருவிலிருந்து மட்டும் பதினேழு பேர் போயிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே பூங்கோதை அறிக்கையை எழுதி நிலையத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் அனுப்பினாள். பாக்டீரியா என்னுடையது, வேர் இல்லாத இடத்தில் வாழாது என்று நான் சொன்னது தவறு, உப்பளத்துப் பெண்களுக்கு நிவாரணம் தர வேண்டும். மூன்றே வாக்கியங்கள். அனுப்பிய பிறகு மனது லேசானது. இனிமேல் சரிசெய்வதைப் பற்றி யோசிக்கலாம்.

சரிசெய்ய வழி இருந்தது. அந்தப் பாக்டீரியாவை மட்டும் கொல்லும் வைரஸ் ஒன்றைப் பாதுகாப்புக்காக அவள் முன்பே வளர்த்து வைத்திருந்தாள். பாத்திகளில் விட்டால் பத்து நாளில் வேலை முடியும். ஆனால் அது வயலுக்குப் போய்விட்டால் அறுநூறு ஏக்கர் கோடை நெல்லும் கதிர் வரும் நேரத்தில் உப்பைக் குடித்துச் செத்துவிடும். எனவே பாக்டீரியா எந்த வழியாக உப்பளத்துக்கு வந்தது என்று முதலில் தெரிய வேண்டும். அது வந்த வழியிலேயே வைரஸ் திரும்பிப் போகக்கூடும்.

கால்வாய்த் தண்ணீரை அரை கிலோமீட்டருக்கு ஒரு பாட்டில் பிடித்துச் சோதித்தாள். எதிலும் இல்லை. வாய்க்கால் சேற்றிலும் இல்லை. வயலுக்குப் பக்கத்துப் பாத்திகளில் குறைவாகவும், தூரத்துப் பாத்திகளில் அதிகமாகவும் இருந்தது. எண்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனவள், மூன்றாம் நாள் உப்பளத்தின் கிழக்குக் கோடியில் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றாள்.

அங்கே நெல் நின்றது. குழாயில் கசிந்த உவர்நீரை மண் அணைத்துத் தேக்கி, இரண்டு சென்ட் இடத்தில், பாத்தி வரப்பு ஓரமாகவே நட்டிருந்தார்கள். கதிர் பால் பிடிக்கும் பருவம். சுற்றிலும் வெள்ளை மண்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அமிர்தவல்லி வந்து பக்கத்தில் நின்றார்.

"எங்களுதுதான்," என்றார். "முப்பத்தோரு குடும்பம். நடவுக்கு வேதையண்ணன் வயலுக்குப் போனப்ப, சேத்து மண்ணை முந்தானையில முடிஞ்சு கொண்டாந்தோம். யாருகிட்டயும் கேக்கல. தை மாசம் ஒரு தடவ அறுத்தோம். ஆளுக்கு ஒரு படி வந்துச்சு. பொங்கித் தின்னோம்."

"வாளி கொண்டாந்தப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"சந்தேகம்தான். அதான் கொண்டாந்தேன். தெரியாமப் போயிருந்தா ஊர்ல யாரையாச்சும் திட்டிக்கிட்டு உக்காந்திருப்போம்."

ஏன் தன்னிடம் வந்து மருந்து கேட்கவில்லை என்று பூங்கோதை கேட்டாள். கேட்டோம் என்றார் அமிர்தவல்லி, அதில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. போன ஆவணியில் ஆறு பேர் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தார்கள். பட்டா நகல் இருந்தால்தான் பை தர முடியும் என்று உள்ளே இருந்தவர் படிவத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். அமிர்தவல்லியின் சனத்தில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது.

அந்த விதியை எழுதியது பூங்கோதைதான். பட்டா இருந்தால் வயல் எங்கே இருக்கிறது என்று தெரியும், கண்காணிக்க வசதி. அதை எழுத அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவள் அங்கிருந்த மண்ணை எடுத்துப் போய்ச் சோதித்தாள். ஒவ்வொரு விவசாயிக்கும் கொடுத்த பைக்கு ஓர் எண் உண்டு. அந்த எண் பாக்டீரியாவின் மரபணுவுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. மண்ணில் இருந்தது வேதையனின் பை எண். அமிர்தவல்லி சொன்னது பொருந்தியது.

பூங்கோதையின் அறிக்கையின்பேரில் விசாரணைக்கு வருவாய்க் கோட்டாட்சியர் வந்தார், இளம் அதிகாரி. வண்டல்புலம் பள்ளிக்கூடத்தில் இரண்டு ஊர்க்காரர்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இயக்குநர் ரங்கபாஷ்யமும் வந்திருந்தார். நெல் நின்ற இடத்தைப் பற்றித் தெரிந்ததும் அவர் முகம் தெளிந்திருந்தது. திருடிப் போனவர்களால் வந்த வினை என்று ஆகிவிட்டால் நிலையத்தின் மேல் பழி இல்லை, நிவாரணமும் இல்லை. அனுமதியில்லாமல் மருந்தை எடுத்தால் திருட்டு வழக்கு. பதிவு செய்த வயலுக்கு வெளியே கொடுத்தால் கொடுத்தவருக்கு மூன்று வருடம் மருந்து கிடையாது. இரண்டுமே அச்சில் இருந்த விதிகள்.

முதலில் பூங்கோதை பேசினாள். உப்பளத்தில் அது வாழுமா என்று சோதித்துப் பார்க்காதது தன் தவறு என்றாள். நிலம் இல்லாதவர்களுக்கு மருந்து இல்லை என்று எழுதியதும் தான்தான். அப்படி எழுதாமல் இருந்திருந்தால் எங்கே நட வேண்டும் என்று தானே காட்டியிருக்கலாம், உப்பளத்து வரப்பில் யாரும் நெல் நட்டிருக்க மாட்டார்கள் என்றாள். இயக்குநர் நடுவில் எழுந்தார். கோட்டாட்சியர் அவரை உட்காரச் சொன்னார்.

பிறகு அமிர்தவல்லி எழுந்து, மண்ணைக் கேட்காமல் எடுத்து வந்தது தாங்கள்தான், வழக்குப் போட்டால் தன் பெயரில் மட்டும் போடுங்கள் என்றார். வண்டல்புலத்துப் பக்கம் சலசலப்பு எழுந்தது. அப்போது வேதையன் கை தூக்கினார்.

"சார், அந்தம்மா எடுக்கல. நான்தான் குடுத்தேன்."

மூன்று வருடம் மருந்து இல்லாவிட்டால் அவருடைய நாலரை ஏக்கரும் மறுபடி வெளுத்துவிடும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணே, நீங்க உக்காருங்க," என்றார் அமிர்தவல்லி.

"நான் குடுத்ததை நான் சொல்றேன். நீ உக்காரு அமிர்தம்."

கோட்டாட்சியர் பூங்கோதையைப் பார்த்தார். பை எண் வேதையனுடையது என்று மட்டுமே தன்னால் சொல்ல முடியும் என்றாள் அவள். அவர் வயலிலிருந்து எடுத்தாலும் அதே எண்தான், அவரே கொடுத்திருந்தாலும் அதே எண்தான். வண்டல்புலத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேதையன் பெருந்தன்மையாக அந்தப் பெண்களைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று அவர்களுக்குத் தோன்றியது. கோட்டாட்சியருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். பேனாவை மூடி வைத்துவிட்டு, இரண்டு பேர் ஒரே குற்றத்தைத் தன்னுடையது என்று சொன்னால் எதையும் தீர்மானிக்க முடியாது என்றார். இரு தரப்புக்கும் எச்சரிக்கை. உப்பளத்துப் பெண்களுக்கு நிலையம் நிவாரணம் தர வேண்டும். பாத்திகளைச் சுத்தம் செய்யும் வேலை உடனே தொடங்க வேண்டும்.

பூங்கோதையைத் திட்டத் தலைவி பதவியிலிருந்து எடுத்துவிட்டதாக இயக்குநர் காரில் ஏறும்போதே சொன்னார். சுத்தம் செய்து முடிக்கும்வரை இங்கேதான் இருப்பேன் என்றாள் அவள். வைரஸை வேறு யாருக்கும் கையாளத் தெரியாது என்பதால் அவரும் சரி என்றார்.

உப்பளத்தின் மதகுகளைக் களிமண் வைத்து அடைத்தார்கள். வண்டல்புலத்து ஆட்கள் நாற்பது பேர் மண்வெட்டியோடு வந்து, வயல் பக்கம் இருந்த கரையை மார்பளவு உயர்த்திக் கொடுத்தார்கள். மிச்சமிருந்தது மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்ற நெல். அது நிற்கும்வரை பாக்டீரியா அந்த மண்ணில் பதுங்கியிருக்கும். அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. முற்றாமலே அறுத்துக்கொள்ளப் பத்து நாளாவது தர முடியுமா என்று ஒரு பெண் கேட்டாள். முடியாது என்று பூங்கோதை சொல்ல வேண்டியிருந்தது.

அமிர்தவல்லி முதல் கதிரைப் பிடித்து, ஒரு நெல்மணியை நகத்தால் அழுத்தினார். வெள்ளையாகப் பால் வந்தது. அதை விரலில் தேய்த்துவிட்டு, குனிந்து தூரோடு பிடுங்கினார். முப்பத்தோரு பெண்களும் வரிசையாக இறங்கினார்கள். பூங்கோதையும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். வேர்கள் கொழகொழவென்று, ஆரோக்கியமாக வந்தன. அவள் பார்த்த நெல்வேர்களிலேயே அதைவிட அடர்த்தியான வேர் இல்லை. அதை அப்போது யாரிடமும் சொல்ல மனம் வரவில்லை. குவித்துக் கொளுத்தினார்கள்.

வைரஸை விட்ட ஒன்பதாம் நாள், கையில் அள்ளிய தண்ணீர் நூலாக இறங்காமல் சொட்டத் தொடங்கியது. பத்தொன்பதாம் நாள் காலையில் கிழக்குக் கோடிப் பாத்தியின் ஓரத்தில் வெள்ளை விளிம்பு கட்டியது. அமிர்தவல்லி ஓர் உப்புக்கல்லை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஜூன் கடைசியில் உப்பு வாரத் தொடங்கினார்கள். திருப்பூர் போன பதினேழு பேரில் ஆறு பேர் திரும்பி வந்தார்கள். அமிர்தவல்லியின் மருமகள் வரவில்லை. அங்கே நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. குழந்தை போன் மணி அடித்தால் சிரிக்கக் கற்றிருந்தது.

புறப்படுவதற்கு முன் பூங்கோதை ஒரு கட்டுரைக்காகப் பழைய மாதிரிகளின் மரபணுவை முழுமையாகப் படித்துக்கொண்டிருந்தாள். மண்ணுக்குள் பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று மரபணுத் துண்டுகளைக் கைமாற்றிக்கொள்ளும். வண்டல்புலத்து வயலில் ஒரு மாதம் இருந்த அவளுடைய பாக்டீரியா எல்லாமே, அந்த மண்ணின் பழைய பாக்டீரியாக்களிடமிருந்து ஒரு குறிப்பிட்ட துண்டை வாங்கி வைத்திருந்தன. அறுநூறு ஏக்கரிலும் அந்தத் துண்டு இல்லாத மாதிரி ஒன்றுகூட இல்லை. உப்பளத்தில் எடுத்த பாக்டீரியாவில் அது இல்லை.

அது வயலையே பார்த்ததில்லை. பையிலிருந்து நேராக வந்திருந்தது.

அவள் நடந்தே வேதையன் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்ததைச் சொன்னாள். அவர் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நான் நெசத்தைத்தானே சொன்னேன், டாக்டரம்மா. ஒருத்தரும் நம்பல."

"அமிர்தவல்லி ஏன் மாத்திச் சொன்னாங்க?"

"எனக்கு மருந்து நின்னுடும்னுதான். செத்த நேரம் சும்மா இருன்னு நான் சொன்னா அது கேக்குமா?"

"நீங்க ஏன் குடுத்தீங்க? குடுக்கக் கூடாதுன்னு பையிலயே எழுதியிருந்தோமே."

வேதையன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். சொல்லாமல் மறைக்க எதையோ தேடுகிறவர்போல் இல்லை. கேள்வியே புரியாதவர்போல் இருந்தது.

"கேட்டாங்க," என்றார். "பையில கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு."

பூங்கோதை நடந்து திரும்பினாள். மருந்து வயலை விட்டு வெளியேறக்கூடிய வழிகள் என்று திட்ட அறிக்கையில் பதினொன்றை அவள் பட்டியலிட்டிருந்தாள்: வெள்ளம், காற்று, நண்டு, கொக்கின் கால், டிராக்டர் சக்கரம் என்று ஒவ்வொன்றுக்கும் எண்ணும் தடுப்பு முறையும் போட்டு. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, ஒன்பது மாவட்டங்களுக்குப் போகவிருந்த அந்த அறிக்கையைத் திறந்தாள். பன்னிரண்டு என்று எண் போட்டு, 'பக்கத்தில் இருப்பவர் கேட்டால் கொடுப்பார்கள்' என்று எழுதினாள்.

தடுப்பு முறை என்ற இடத்தில் எழுதினாள்: 'தடுக்க முடியாது. தேவையும் இல்லை. கேட்கும் முன்பே எல்லோருக்கும் நாமே கொடுத்துவிட வேண்டும், பாசி உள்ள தண்ணீரில் வாழாதபடி திருத்திய பிறகு.'

திருத்த எத்தனை மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டாள். எட்டு மாதம். அவளால் முடியும். இயக்குநருக்குப் போன் போட்டாள்.